இரண்டாவது மாடியின் பன்னிரண்டு பீங்கான்கள்

புதிதாகக் கையுறை மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

துப்புரவு வேலையில் முப்பது ஆண்டுக்கு மேல் காலம் தள்ளியவன் என்பதால் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். பிரஷை எப்படிப் பிடிப்பது, எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்பதையெல்லாம் பயிற்சியில் படம் போட்டே காட்டிவிட்டார்களாம். ரொம்ப நல்லது. எனக்கு அதையெல்லாம் உட்கார்ந்து விளக்கப் பொறுமை கிடையாது. அந்தப் பொறுமை இல்லாததால் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். தாராளமாகச் சிரிக்கலாம். நானே இப்போது சிரிக்கிறேன், அன்றைக்குத்தான் முடியவில்லை.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். பதினாறு வயதில் கத்தி பிடித்தேன். எழுபதுகளின் நடுவில் எங்கள் மரங்களைச் சாய்த்துவிட்டுச் எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஈப்போ நகரத்துக்கு வந்து, அங்கே சிலிபின் பகுதியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். பல இடம் அலைந்து, ஒரு சுண்ணாம்பு மலையின் அடிவாரத்தில் இருந்த நாலு மாடி ஹோட்டலில் கழிப்பறை கழுவும் வேலை கிடைத்தது.

வீட்டில் "ஹோட்டல் வேலை" என்று மட்டும் சொல்லி வைத்தேன். கழிப்பறை என்று சொல்ல நாக்கு வரவில்லை. தோட்டத்தில் அந்த வேலைக்கென்று தனி ஆட்கள் இருந்தார்கள், அவர்களை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. என் மனைவி ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். "சட்டையில பினாயில் வாசம் அடிக்குது. குசினியில வேலைன்னா கொழம்பு வாசம்ல வரணும்" என்றாள். அன்றிலிருந்து என் சட்டையை மட்டும் தனியாகத் துவைக்கத் தொடங்கினாள்.

இனி அந்தக் காரியத்துக்குக் காரணமான கறைக்கு வருகிறேன். எங்கள் ஹோட்டல் தவுக்கே, அதாவது சீன முதலாளி, கழிப்பறைகளுக்குப் பின்கட்டுக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் ஏற்றுவார். மலையடிக் கிணறு, சுண்ணாம்பு கரைந்த தண்ணீர். கழிப்பறைப் பீங்கானுக்குள் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் நாளடைவில் ஒரு பழுப்பு வளையம் பிடிக்கும். பார்த்தால் யாரோ சரியாகக் கழுவவில்லை என்று தோன்றும். உண்மையில் அது அழுக்கே இல்லை, கல். முதல் வாரம் இது தெரியாமல் நான் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினேன். வளையம் பளிச்சென்று வெளுத்தது. மீசையைத் தடவிக்கொண்டேன். இரண்டே நாளில் பழைய நிறம் திரும்பி வந்துவிட்டது. கல்லுக்கு வெள்ளையடித்திருக்கிறேன், வேறொன்றுமில்லை.

இதைப் புரிய வைத்தவர் எங்கள் சூப்பர்வைசர். பீடோர் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். என்னைவிட ஆறேழு வயது இளையவர், ஆனாலும் எனக்கு மேலதிகாரி. மூன்று வருடம் தரை துடைத்து அந்த இடத்துக்கு வந்தவர். பெயரைப் போடமாட்டேன். போட்டால் எங்கிருந்தாலும் தேடி வந்து, "என் பேர எதுக்குண்ணே இழுத்தீங்க" என்று சண்டை பிடிப்பார்.

அவருடைய வழி ரொம்ப எளிது. பீங்கானில் நிற்கும் தண்ணீரை இறைத்துவிட்டு, வினிகரில் நனைத்த துணியை வளையத்தின்மேல் ஒட்டினாற்போல் போட்டு, மூன்று நாலு மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிறகு தேய்த்தால் கொஞ்சம் வரும். மறுநாள் மறுபடியும் துணி. ரொம்ப மோசமான பீங்கானுக்கு மட்டும் தவுக்கேயிடம் மன்றாடி ஓர் ஆசிட் வாங்கி வைத்திருந்தார். அதை அவரே தன் கையால்தான் ஊற்றுவார். பிளீச் பட்ட இடத்தில் ஆசிட் படவே கூடாது, கிளம்புகிற புகையில் ஆளே விழுந்துவிடுவான் என்று தினம் ஒரு தடவை சொல்வார். அதை நானும் உங்களுக்குச் சொல்கிறேன். இதில் மட்டும் விளையாடாதீர்கள்.

"ஊறட்டும்ணே" என்பதுதான் எப்போதும் அவர் வாயில் இருக்கும் வார்த்தை. எனக்கோ அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். பால் வெட்டுகிறவன் வெயில் ஏறுவதற்குள் நானூறு ஐந்நூறு மரம் ஓடி முடிக்கிறவன். ஒரு துணியைப் போட்டுவிட்டு, அது ஊறுகிற வரைக்கும் வேறு எங்காவது போய் வருவது எனக்கு வேலையாகவே படவில்லை. சோம்பேறிகள் கண்டுபிடித்த வழி என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

இப்படி இருக்கையில் அவர் தம்பி கல்யாணத்துக்காக ஐந்து நாள் விடுப்பில் ஊருக்குப் போனார். போகும்போது என்னிடம், "ரெண்டாவது மாடியில பன்னெண்டு ரூம் இருக்குண்ணே. ஒரு நாளைக்கு ரெண்டு போதும். அவசரப்படாதீங்க. ஆசிட்ட தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன மறுநாள் பிற்பகலில் தவுக்கே மேலே ஏறி வந்தார். சிங்கப்பூரிலிருந்து ஒரு கூட்டம் குகைக் கோயில்களைப் பார்க்க வருகிறதாம். நாளை மறுநாள் மாலை வந்துவிடுவார்கள், இரண்டாவது மாடி முழுக்க அவர்களுக்குத்தான். ஒரு கழிப்பறைக்குள் போய்க் குனிந்து பார்த்து முகம் சுளித்தார். "இதை நீ முடிப்பாயா, வெளி ஆளைக் கூப்பிடட்டுமா?" என்று மலாயில் கேட்டார். வெளி ஆள் உள்ளே வந்தால் நான் வெளியே போக வேண்டியதுதான் என்று எனக்குப் பட்டது. "போலே, தவுக்கே" என்றேன். முடியும் என்று அர்த்தம். எப்படி முடியும் என்பது எனக்கே தெரியாது.

நாளைக்கு இரண்டு வீதம் ஊறப்போட்டால் ஆறு நாள் வேண்டும். கையில் இருந்ததோ இரண்டே நாள். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நான் செய்திருக்க வேண்டியது என்ன? தவுக்கேயிடம் போய், "நாலைந்து பீங்கான்தான் சுத்தமாகும், மற்றதற்கு நாள் வேண்டும்" என்று உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கத்தியிருப்பார். கத்துவது முதலாளிக்குப் புதிதில்லை, வாங்கிக்கொள்வது நமக்கும் புதிதில்லை. ஆனால் முடியும் என்று வாய் விட்டுவிட்டேனே. சொன்னதைத் திரும்ப வாங்க மனசு வரவில்லை.

பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தோட்டத்தை விட்டு வரும்போது என் பால்வெட்டுக் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். பால் வெட்டுவது என்றால் மரத்தை வெட்டுவது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இல்லை. பட்டையை மெல்லிசாகச் சீவி எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழம் போனாலும் மரத்தில் காயம் பட்டுவிடும். மண்டோர், அதாவது எங்களை மேய்க்கிறவர், ஒவ்வொரு மரமாகக் குனிந்து பார்ப்பார். எனக்கென்று பிரித்துக் கொடுத்த மர வரிசையில், அதாவது என் நிரையில், காயம் என்று அவர் குறை சொன்னதே இல்லை. மரத்துக்கே காயம் படாமல் சீவத் தெரிந்தவனுக்குப் பீங்கானில் ஒட்டியிருக்கும் கல்லைச் சீவத் தெரியாதா? என் புத்தி இப்படித்தான் போனது.

மறுநாள் காலை கத்தியைப் பழைய பேப்பரில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன். உட்கார்ந்தால் குத்தும். அதனால் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, "இடந்தான் இருக்கே, உக்காருங்கலா" என்றார். "மூலம், அண்ணே" என்று சொல்லித் தப்பித்தேன். அதற்கப்புறம் பல மாதம் அந்த ஆள் என்னை ஏற்றும்போதெல்லாம் "இப்ப தேவலையா?" என்று எல்லார் முன்னாலும் விசாரித்தார்.

முழங்காலிட்டு வேலையைத் தொடங்கினேன். கத்தியை இடப்பக்கம் மேலே வைத்து வலப்பக்கம் கீழே இழுப்பதுதான் என் கைக்குப் பழக்கம். அந்த இழுப்புக்குக் கல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மறுநாள் மதியத்துக்குள் பன்னிரண்டையும் முடித்துவிட்டேன். தவுக்கே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பாகுஸ்" என்று சொல்லி என் தோளில் தட்டினார். மலாய்க்காரர்கள் நல்லது என்பதற்குச் சொல்லும் வார்த்தை. தோட்டத்தில் எந்தத் துரையும் என்னை அப்படித் தட்டியதில்லை. அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை.

விடுப்பு முடிந்து சூப்பர்வைசர் கல்யாணப் பலகாரத்தோடு வந்தார். இரண்டாவது மாடியைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். "எப்படிண்ணே?" என்று கேட்டார்.

கத்தி என்று சொல்லியிருக்கலாம். திட்டு விழுந்திருக்கும், அதோடு போயிருக்கும். ஆனால் பாராட்டு வாங்கின சூடு இன்னும் ஆறவில்லை. "நீங்க வாங்கி வச்ச ஆசிட்தான் தங்கச்சி. கொஞ்சமா ஊத்தி ஊறப்போட்டேன்" என்றேன்.

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல" என்று கடிந்துகொண்டாலும், அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதை வாங்குவதற்குத் தவுக்கேயிடம் எத்தனை நாள் கெஞ்சியிருப்பார். நேராகப் போய், தாம் கேட்டு வாங்கிய ஆசிட்தான் இந்த வேலையைச் செய்தது என்று தவுக்கேயிடம் பெருமையாகச் சொன்னார். அவர் பெருமைப்பட்டதைப் பார்த்து எனக்கும் மகிழ்ச்சி. எப்பேர்ப்பட்ட மடையன் என்று பாருங்கள்.

ஐந்தாறு வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு கறை திரும்பி வந்தது. இந்தத் தடவை வளையமாக வரவில்லை. பீங்கானின் வழவழப்பெல்லாம் மேலே இருக்கிற மெல்லிய பூச்சில்தான் இருக்கிறது. என் கத்தி பட்ட இடமெல்லாம் அந்தப் பூச்சு கீறிப்போயிருந்தது. கீறலுக்குள் கிணற்றுத் தண்ணீர் போய் உட்கார்ந்துகொண்டது. பன்னிரண்டு பீங்கானிலும் சாய்வாகப் பழுப்புக் கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. வினிகர்த் துணி போட்டால் மங்கும், இரண்டு நாளில் மறுபடி எழும்பும்.

சூப்பர்வைசர் ஒரு பீங்கான் முன்னால் மண்டியிட்டார். கையுறையைக் கழற்றிவிட்டு விரல் நகத்தால் ஒரு கோட்டைத் தடவிப் பார்த்தார். எழுந்து அடுத்த அறைக்குப் போனார். அங்கேயும் அப்படியே. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பன்னிரண்டையும் அப்படியே பார்த்து முடித்தார். கடைசி அறையில், "கைய கழுவிட்டு வாரேன்ணே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை நான் அலுவலக அறைக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தவுக்கே சூப்பர்வைசரைக் காய்ச்சுவது காதில் விழுந்தது. "உன் ஆசிட் என் பீங்கானையெல்லாம் தின்றுவிட்டது. நீதான் கேட்டாய், நீதான் வந்து பெருமை பேசினாய். இந்த மாதத்தோடு வேறு வேலை பார்த்துக்கொள்." சூப்பர்வைசர் ஏதோ பதில் சொல்லத் தொடங்கினார். அதற்குள் லிப்ட் திறந்து விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். நான் வாளியை எடுத்துக்கொண்டு நகர வேண்டியதாகிவிட்டது.

அப்புறம் என் கையில் வேலை ஓடவில்லை. பீடோரில் அவர் அம்மா இவர் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார். அது எனக்குத் தெரியும். என் மனைவி மூன்றாவது பிள்ளையை ஆறு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள். அதுவும் எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே என்னை வெளியே தள்ளிவிடுவார்கள். தோட்டத்துக்குத் திரும்பலாம் என்றால் எங்கள் லயமே அங்கே இல்லை.

மதியம் எல்லாரும் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சூப்பர்வைசர் எப்போதும்போல வந்து உட்கார்ந்தார். எப்போதும்போல டிபன் கேரியரைத் திறந்து, பொரித்த மீனில் ஒரு துண்டை என் சோற்றில் வைத்தார். "சாப்பிடுங்கண்ணே. என்ன, சோத்த பெசஞ்சுகிட்டே இருக்கீங்க?" என்றார். அந்தத் துண்டைச் சோற்றுக்குள் தள்ளி மூடினேன்.

பிற்பகல் முழுக்க மூன்றாவது மாடியில் வேலை செய்துகொண்டே என் மனதோடு மல்லுக்கட்டினேன். நான் வேண்டுமென்று செய்யவில்லையே என்றேன். ஹோட்டலுக்காகத்தானே செய்தேன் என்றேன். அவரும் பெருமை பேசியிருக்கக் கூடாதுதானே என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். அவ்வளவு கேவலமாகப் போனது என் புத்தி. அப்போதுதான் தோட்டத்து நினைப்பு வந்தது. அங்கே ஒரு மரத்தில் காயம் பட்டால் அது யாருடைய நிரை என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்தவன் தலையில் கட்ட முடியாது. இங்கே பீங்கானுக்கு நிரை கிடையாது, அந்தத் தைரியத்தில்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே இறங்கினேன். கூடத்துக் கடிகாரத்தில் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

சூப்பர்வைசர் துணி அறையில் படுக்கை விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அது ஆசிட் இல்ல. நாந்தான். ரப்பர் கத்தியால சீவிட்டேன். ஆசிட்டுன்னு சொன்னது பொய்."

அவர் கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்து, அடுக்கின்மேல் வைத்தார். "வாங்க" என்றார். அவ்வளவுதான். திட்டுவார், இல்லை அழுவார் என்று எதிர்பார்த்து வந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பின்னால் நடந்தேன்.

எங்களைப் பார்த்ததும் தவுக்கே சுவர்க் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்தார். "இன்னும் ஐந்து ஆகவில்லையே" என்றார். அதுவும் எனக்கு விளங்கவில்லை. நடந்ததை எனக்குத் தெரிந்த மலாயில் ஒன்று விடாமல் சொன்னேன். தவுக்கே நம்பவில்லை. எப்படிச் சீவினாய், செய்து காட்டு என்றார். அவர் மேசை முன்னால் மண்டியிட்டு, வெறுங்கையால் இடமிருந்து வலமாக இழுத்துக் காட்டினேன். தவுக்கே மேசைக்கு மேலாக எட்டிக் குனிந்து என் கையைப் பார்த்தார்.

"என் ஜாம்பான் என்ன உனக்கு ரப்பர் மரமா? பால் வந்ததா?"

கேட்டுவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜாம்பான் என்றால் கக்கூஸ். வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அதைக் கவனித்ததும் தவுக்கேயும் நிறுத்திக்கொண்டார். சூப்பர்வைசரைப் பார்த்து, "இவனால்தான் உன்னைப் போகச் சொன்னேன். இவன் இருக்கட்டுமா, போகட்டுமா? நீயே சொல்" என்றார்.

அவர் என் பக்கம் திரும்பி ஏற இறங்கப் பார்த்தார்.

"இருக்கட்டும் தவுக்கே. ஆனால் அந்தப் பன்னிரண்டு பீங்கானும் இனிமேல் இவர் பொறுப்பு. தினமும். வேறு யாரையும் அதற்கு விடமாட்டேன்" என்றார் மலாயில்.

இதில் உங்களுக்கு வேலைப் பாடம் வேண்டுமென்றால், எடுத்துக்கொள்ளுங்கள்: கல் பிடித்த பீங்கானை ஊறப்போட்டு மீட்கலாம், கீறல் விழுந்த பீங்கானை மீட்க முடியாது. தினமும் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டையும் மாற்றுகிற வரைக்கும் எட்டு வருடம் நான் பார்த்தேன். துணியை நனைத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்க நன்றாகவே பழகிக்கொண்டேன். ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது இது அல்ல. அலுவலக அறையை விட்டு வெளியே வந்து மாடிப்படி ஏறும்போது நடந்ததைத்தான்.

"தங்கச்சி, ரொம்ப..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்ணே, நன்றியெல்லாம் சொல்லாதீங்க" என்றார். "எங்கப்பாவும் பால் வெட்டுனவருதான். அந்தச் சாய்வு எனக்குத் தெரியாதா? நேத்து கோட்ட தடவுனப்பவே தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சும்மா எங்க இருந்தேன்? அஞ்சு மணிக்கு யாருன்னு சொல்றேன்னு தவுக்கேகிட்ட காலையிலேயே சொல்லிட்டுத்தான் வந்தேன். நீங்களா வாரீங்களான்னு பாத்தேன். இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா நானே சொல்லியிருப்பேன்ணே. எங்கம்மாவுக்கு நான்தானே சோறு போடணும்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்துக் காட்டினார். அதில் என் பெயர் இருந்தது. பன்னிரண்டு அறைகளின் எண்கள் இருந்தன. ரப்பர் கத்தி என்று மலாயில் எழுதியிருந்தது. கீழே அவர் கையெழுத்து. மதியம் என் சோற்றில் மீன் வைத்தபோதும் அந்தத் தாள் அந்தப் பையில்தான் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. படியில் நின்று தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தாளைக் கிழித்துப் போடுவார் என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிழிக்கவில்லை. பழையபடி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"காலையில ஏழு மணிக்கு வந்துருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

நான் ஆறரைக்கே போய் நின்றேன்.